நிலவறைப் போத்தல்கள்

செப்டெம்பர் 9, சனி

புதுக் கொப்பி. பழைய கொப்பியில் பியரைப் பற்றி மட்டுமே எழுதுவது என்று பன்னிரண்டு வருடமாக ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். போத்தலின் பெயர், வாங்கிய வருடம், திறந்த நாள், நிறம், மணம், சுவை. இன்று மணம் என்ற இடத்தில் எழுத ஒன்றும் வரவில்லை. அதை அங்கே எழுத விருப்பமில்லை, ஆகவே இங்கே.

திறந்தது 2014ஆம் ஆண்டுப் பார்லி வைன். பெயரில்தான் வைன், உண்மையில் பியர். பதினொரு வீதம் மதுசாரம். சாதாரண பியரை வாங்கிய மாதமே குடித்துவிட வேண்டும், வைத்தால் செத்துப்போகும். இந்த மாதிரிக் கடும் பியர் அப்படியில்லை. புதிதில் கசப்பும் எரிவும் முன்னுக்கு நிற்கும். இருட்டில், பன்னிரண்டு பாகைக் குளிரில், அசைக்காமல் நிமிர்த்தி வைத்தால் மூன்றாம் வருடம் எரிவு அடங்கும். ஐந்தாம் வருடம் கசப்பு பின்வாங்கும். பிறகு கருகிய சீனி, முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக மேலே வரும். பத்து வருடத்தில் தோல், புகையிலை. அதற்கும் அப்பால் விட்டால் நனைந்த மட்டைப்பெட்டி.

இன்றைய போத்தலில் நனைந்த மட்டைப்பெட்டிகூட இல்லை. இனிப்பு இருந்தது. கசப்பு இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

மூடி சரியாக இறுகவில்லைப் போல. அப்படி நடப்பதுண்டு.

செப்டெம்பர் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. மகள் ஆரணி தன் பிள்ளை இனியாவை எங்களிடம் விட்டுவிட்டு ஒஃபிசுக்குப் போவாள். இனியாவுக்குப் பதினான்கு மாதம். சுகிர்தா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை முடித்து மூன்றரை, நாலுக்குத்தான் வருவாள். அதுவரை பேத்தியும் நானும்.

இன்று பிள்ளை நாப்பியில் கக்கா இருந்துவிட்டு அப்படியே விளையாடியிருக்கிறாள். சுகிர்தா வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாள், “எவ்வளவு நேரமா இப்பிடி இருக்கிறாள்?” நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

செப்டெம்பர் 24, ஞாயிறு

2016 ஸ்டவுட் பியர் ஒன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. கறுப்பு நிறம், தடிப்பு, நாக்கில் வழுவழுப்பு, எல்லாம் சரி. மூக்கில் மட்டும் ஒன்றுமில்லை.

நிலவறையில்தான் ஏதோ பிழை. இந்தக் குளிர் அறையை நானே கட்டினேன். பேஸ்மென்டின் வடக்கு மூலையை மறித்து, சுவருக்குள் பஞ்சு அடைத்து, சிறிய குளிரூட்டி பூட்டி. சுகிர்தா இதற்கு வைத்திருக்கும் பெயர் “உங்கட பிரேத அறை”. இருபத்தொன்பது வருடக் கலியாணத்தில் அவள் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, அந்த அறைக்குள் இரண்டு தடவை வந்திருப்பாள்.

புது வெப்பமானி வாங்கி வைத்தேன். பன்னிரண்டு பாகையேதான் காட்டுகிறது. அதுவும் பிழையோ தெரியவில்லை.

ஒக்டோபர் 5, வியாழன்

குளிர் தொடங்குகிறது, வேலை கூடுகிறது. வீடு சூடாக்கும் ஃபேர்னஸ்களைப் பனிக்காலத்துக்கு முன் சோதித்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. காஸ் குழாய்களோடு இருபத்தாறு வருடம்.

இன்று பவுலின் என்ற தனியாக வாழும் அம்மாள் ஒருவரின் பழைய வீடு. “இடைக்கிடை ஏதோ மணக்குது” என்றார். காஸ் பிடிக்கும் கருவியில் பற்றரி இறங்கிவிட்டது, மற்றக் கருவி வெளியே நிறுத்திய வேலை வானில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. குழாய் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, நுரை ஊதுகிறதா என்று பார்த்திருக்கலாம். ஃபேர்னஸின் பின்பக்கம் ஒடுக்கம், வலது கை இந்த நாட்களில் அப்படியான இடத்தில் சுணங்குகிறது. பூனையின் மணல் பெட்டி பக்கத்தில் இருந்தது. “அதுதான் அம்மா” என்றேன். சிரித்தார்.

பின்னேரம் மனேஜர் டெனிஸ் என் அறிக்கையைத் தூக்கிப் பிடித்து, “லிங்கம், எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. வாசிக்கக் கண்ணாடிகூடக் காணாது” என்றான். பேனை சரியில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

நவராத்திரி தொடக்கம். சுகிர்தா பாயாசம் வைத்தாள். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு கேட்டாள்.

“ஏலக்காய் கூடிப்போச்சோ?”

“இல்லை, அளவாத்தான் இருக்கு.”

“உண்மையாவோ?”

“நல்லா இருக்கு எண்டு சொல்லுறன்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பிப் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். பாயாசத்தைப் புகழ்ந்ததற்கு யாராவது கோபிப்பார்களா?

ஒக்டோபர் 22, ஞாயிறு

சுகிர்தாவோடு நடக்கப் போனேன். வழக்கமாகப் பக்கத்தில் வருபவள் இன்று பத்தடி பின்னால் வந்தாள். ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றாள். திரும்பி வரும்போது, “வலது கையை ஏன் வீசாமல் பிடிச்சுக்கொண்டு நடக்கிறியள்?” என்றாள்.

தோள் பிடிப்பு. கூரையைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கு வேறென்ன வரும்.

நவம்பர் 11, சனி

மத்தியானம் ஹியூவும் நிமலனும் வந்தார்கள். ஒவ்வொரு நவம்பரும் இது நடக்கும். ஒரே ஸ்டவுட், ஏழு வருடங்களின் ஏழு போத்தல்கள், 2013 முதல் 2019 வரை. வரிசையாகத் திறந்து, ஒரு பியர் எப்படி மூப்படைகிறது என்று பார்ப்போம். ஹியூ ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். நிமலன் என்னோடு இந்த நாட்டுக்கு வந்தவன். இரண்டு பேரும் என் மூக்கை நம்பித்தான் வருகிறார்கள். “முதலில் நீ சொல்லு, பிறகுதான் நாங்கள்” என்பது ஹியூவின் வழக்கம்.

சொன்னேன். போன வருடம் எழுதிய குறிப்புகள் மனதில் இருந்தன, அவற்றோடு ஒரு வருடத்தைக் கூட்டிச் சொன்னேன். அதில் பிழை எதுவும் இல்லை. 2013க்கு சோயா சோஸ், புகையிலை. 2014க்கு தோல். 2015ஐ ஊற்றினேன், கிளாசைச் சுழற்றினேன், கண்ணை மூடினேன். “இந்த ஏழிலும் இதுதான் உச்சம். பேரீச்சம்பழம், பிறகு கோப்பி” என்றேன்.

இரண்டு பேரும் கிளாசை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹியூ மெதுவாகச் சொன்னார், “லிங்கம், இது வினாகிரி.”

“மச்சான், மூக்கைக் கிட்டக் கொண்டுபோகவே ஏலாமல் கிடக்கு,” என்றான் நிமலன். “பகிடி விடுறியோ?”

புளித்தது நாக்கில் தெரிந்தது. ஆனால் சில ஸ்டவுட்டுகளில் புளிப்பு வரும். கிளாஸ் கழுவிய சவர்க்காரம்தான் காரணம் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மிச்சம் நாலு போத்தலும் திறக்காமல் அவர்கள் வெளிக்கிட்டார்கள். வாசலில் ஹியூ என் தோளில் கை வைத்தார்.

நவம்பர் 12, ஞாயிறு

கிளாஸ் எல்லாவற்றையும் வெறும் சுடுதண்ணீரில் திரும்பக் கழுவினேன்.

நவம்பர் 19, ஞாயிறு

இன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன்.

2012இல் கராஜுக்குள் நானே காய்ச்சிய பார்லி வைன் நாற்பது போத்தல் இருந்தது. என் வாழ்க்கையில் கையால் செய்து திருப்திப்பட்டது அது ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு என்று திறந்து பதினெட்டு மிச்சம். காலையில் ஒன்றைத் திறந்தேன், செத்திருந்தது. இன்னொன்று. அதுவும். நிலவறை பழுதென்றால் எல்லாம் பழுதுதான், செத்த பியரை அடுக்கி வைத்து என்ன பயன்? மற்றப் பதினாறையும் உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குள் ஒன்றொன்றாக ஊற்றினேன். வலது கைக்குத் திறப்பான் வழங்கவில்லை, இடது கையால் திறந்தேன். முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

கடைசிப் போத்தலில் நிற்கும்போது சுகிர்தா வேலையால் வந்து மேலே கதவைத் திறந்தாள். படிக்கட்டின் தலைப்பில் நின்று கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, கீழ என்ன காய்ச்சுறியள்? வீடெல்லாம் பேரீச்சம்பழம் மணக்குது! றிச் கேக் போடுறமாதிரி.”

வேலைத்தலத்தில் ஏதும் கேக் சாப்பிட்டிருப்பாள். கடைசிப் போத்தலையும் ஊற்றினேன்.

டிசம்பர் 8, வெள்ளி

வீட்டில் கொஞ்சம் காஸ் கசிந்தது. நிற்பாட்டியாயிற்று. எல்லோரும் சுகம்.

டிசம்பர் 10, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

இரண்டரைக்கு இனியாவுக்குப் பால் காய்ச்ச அடுப்பில் வைத்தேன். அவள் முன்னறையில் அழுதாள். போய்த் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினேன். அவள் நித்திரையானாள். அவளை சோபாவில் வளர்த்திவிட்டுப் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்த்தேன். பாலை மறந்துபோனேன். அது பொங்கி நெருப்பை அணைத்திருக்கிறது. குமிழ் திறந்தபடி. புகைக்கு அடிக்கும் அலாரம் காஸுக்கு அடிக்காது.

ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் வீட்டுக்குள் காஸ் நிரம்பிக்கொண்டிருக்க, நான் பேப்பர் பார்த்தேன். இருட்டுப்பட்டுக்கொண்டு வந்ததால் விளக்கைப் போடக் கையை நீட்டினேன். அந்த நேரம் கதவு திறந்தது.

“காஸ்! ஒண்டையும் தொடாதையுங்கோ! பிள்ளையைத் தூக்குங்கோ!”

நான் காஸைக் கேட்டேன், “எங்க?”

இரண்டு நாளாக இந்த ஒரு சொல்லைத்தான் யோசிக்கிறேன். சுகிர்தா பாய்ந்து வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு, கோட்டும் இல்லாமல், பனிக்குள் ஓடினாள். நான் குமிழை மூடி, யன்னல்களைத் திறந்து, வானில் இருந்த கருவியை எடுத்துவந்து பிடித்தேன். அது கத்திய கத்து. என் மூக்கு அதே இடத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் சுகிர்தா பிள்ளையைத் தன் ஸ்வெட்டருக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். இனியா முழித்து என்னைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டினாள். சுகிர்தா பிள்ளையை என்னிடம் தரவில்லை.

ஆரணி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

“அப்பா, உங்கட வேலையே காஸ்தானே?”

பிள்ளையின் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டுச் சாமானும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் போனபிறகு சுகிர்தா என்னைக் குசினிக் கதிரையில் இருத்திக் கண்ணை மூடச் சொன்னாள். மூக்கடியில் எதையோ பிடித்தாள்.

“இது என்ன?”

“ஒண்டுமில்லை.”

“இது?”

“ஒண்டுமில்லை.”

மூன்றாவதாகப் பிடித்தது மூக்குக்குள் குளிர்ந்தது. குளிர் மட்டும், மணம் இல்லை. கண்ணைத் திறந்தேன். மேசையில் கோப்பித் தூள், இடித்த கிராம்பு, விக்ஸ்.

“பாயாசத்தில நான் ஏலக்காய் போடவே இல்லை,” என்றாள் சுகிர்தா.

எனக்கு மணம் தெரியாது. எழுதிவிட்டேன். எப்போதிருந்து என்றும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது மூளைக்கு வந்தது. “அப்ப அந்தப் பதினெட்டுப் போத்தலும்?” என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிலவறை பழுதில்லை. பியர் பழுதில்லை.

டிசம்பர் 16, சனி

நித்திரை இல்லை. செப்டெம்பரிலிருந்து மூக்கை நம்பி நான் கையெழுத்து வைத்த வீடுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பத்தொரு வீட்டில் ஆட்கள் ஃபேர்னஸைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

புதுப் பற்றரி போட்ட கருவியோடு இன்று ஒன்பது வீடு போனேன். “பனிக்காலத்தில் இன்னொரு தடவை பார்க்கிறோம்” என்று பொய் சொன்னேன். ஒன்பதும் சரி.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்னும் ஐந்து வீடு. ஐந்தாவது பவுலின் அம்மாளின் வீடு.

நிலவறைக் கதவைத் திறந்ததும் கருவி கத்தத் தொடங்கியது. ஃபேர்னஸின் பின்னால், ஒக்டோபரில் என் கை போகாத அதே மூட்டில், சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். நுரை குமிழி குமிழியாக ஊதிக்கொண்டு வந்தது. சிறிய கசிவுதான். சிறிய கசிவு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை, இரண்டரை மாதம்.

காஸ் குழாயை மூடிவிட்டு, அந்த அம்மாளை மேலே வெளிவாசலுக்கு அனுப்பினேன். மூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்ட முக்கால் மணித்தியாலம் எடுத்தது. முன்னென்றால் பத்து நிமிடம். திரும்பவும் பூசிப் பார்த்தேன், நுரை அசையவில்லை. அவர் உள்ளே வந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

“ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறீர்களே. பூனையைத்தான் நான் சும்மா குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம்,” என்றார்.

“பூனையைக் குற்றம் சொன்னது நான்,” என்றேன். “அன்றைக்கு இது கசிந்திருக்கிறது. நான் கண்டுபிடிக்கவில்லை.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.  தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே வந்துவிட்டேன்.

டிசம்பர் 18, திங்கள்

டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு, கை, பவுலின் அம்மாளின் வீடு, பார்க்காமல் விட்ட பதினேழு வீடுகள்.  கேட்டு முடிந்ததும் அவன் அன்றைக்கே இரண்டு பேரை அந்தப் பதினேழு வீட்டுக்கும் அனுப்பினான். என் வேலை வானின் திறப்பை வாங்கி ஆணியில் மாட்டினான்.

“வேறு யாரும் என்றால் சொல்லியிருக்க மாட்டார்கள்,” என்றான்.

“வேறு யாரும் என்றால் மணந்திருக்கும்,” என்றேன்.

பதினேழு வீடும் சரியாம். பின்னேரம் தகவல் அனுப்பினான். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

குடும்ப டொக்டர். மூக்கைப் பற்றிக் கேட்பார் என்று போனால், விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுருள் வடிவம் ஒன்று கீறச் சொன்னார். ஒரு வசனத்தை நாலு தடவை எழுதச் சொன்னார். நாலாவது வரி முதல் வரியின் பாதி அளவு. பேனையை மாற்றித் தந்தார். அதிலும் அப்படியே.

நரம்பு வைத்தியரிடம் எழுதித் தந்திருக்கிறார். சுகிர்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழக்கமாக டொக்டரைத் துளைத்து எடுப்பவள்.

ஆரணி வெள்ளிக்கிழமைகளுக்கு வேறு ஒழுங்கு செய்துவிட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

பார்க்கின்சன்.

வைத்தியர் நல்ல மனுசி. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு மணம் போய்விடுமாம். மெல்ல மெல்லப் போவதால் போவது தெரியாதாம். கைக்கு மருந்து கேட்கும், மணத்துக்கு மருந்து இல்லையாம்.

கார் தரிப்பிடத்தில் சுகிர்தா காரை ஸ்டார்ட் செய்யாமல் இருந்தாள்.

“எனக்கு ஒக்டோபரிலயே தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நடையில தெரிஞ்சுது. முகத்தில தெரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் இல்லத்தில இந்த வருத்தக்காரரைக் குளிப்பாட்டுறன், எனக்குத் தெரியாதோ?”

“அப்ப நீர் ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் கேட்டிருப்பியளோ? தோள் பிடிப்பு எண்டியள். பேனை எண்டியள். நீங்களே வந்து சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.” ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எனக்கும் பயம். சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு பயம். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால், அது உங்கட பிழை இல்லை. என்ர பிழை. தெரிஞ்சுகொண்டு பிள்ளையை உங்களிட்ட விட்டவள் நான்.”

மூன்று மாதமாக இதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். அவளோ தொடர்ந்து சொன்னாள், “எங்கட இல்லத்தில ஒரு போலந்துக்காரர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷம் இந்த வருத்தத்தோட. இப்பவும் தானே சேர்ட் போடுறார்...”

“என்னை உம்மட வருத்தக்காரரோட சேர்க்காதையும்,” என்று கத்தினேன்.

அவள் காரை ஸ்டார்ட் செய்தாள்.

மார்ச் 6, புதன்

காலையில் மன்னிப்புக் கேட்டேன். அவள் மருந்துக் குளிசையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

மார்ச் 24, ஞாயிறு

ஹியூவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நிலவறையில் இருக்கும் நூற்று நாற்பது போத்தலையும் வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை. குருடன் வீட்டில் படம் மாட்டி வைத்தமாதிரி இருக்கிறது என்றேன். சரி, அடுத்த சனி வருகிறேன் என்றார்.

மத்தியானம் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சுகிர்தா கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு படி இறங்கி வந்தாள். அறைக்குள் வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் இருந்தாள்.

“எல்லாத்தையும் குடுக்கப் போறியளோ?”

“ஓம்.”

“ஒண்டைத் திறவுங்கோ.”

“என்னத்துக்கு?”

“எனக்கு.”

பகிடி என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. 2013 பார்லி வைன் ஒன்றை எடுத்தேன். அவளே திறந்தாள். கிளாசில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தேன். முதலில் மணந்து பார், பிறகு ஒரு வாய் எடுத்து, விழுங்கி, மூச்சை மூக்கால் விடு என்று சொல்லிக் கொடுத்தேன். பாவற்காய்ச் சாறு குடிக்கும் முகத்தோடு கிளாசைத் தூக்கினாள்.

“செருப்புக் கடை,” என்றாள்.

“என்ன?”

“புதுச் செருப்புக் கடைக்குள்ள போனால் மணக்குமே, அது.”

தோல்! பத்து வருடத் தோல். இப்போதுதான் வந்திருக்கிறது, போன வருடம் இல்லை. “பிறகு?” என்றேன். 

“பொறுங்கோ... சீனி அடிப்பிடிச்ச மணம். ஆனால் கருகேல்லை. பிறகு, பழைய மர அலுமாரி திறந்தமாதிரி. உள்ளுக்குள்ள ஆரோ முந்திரிகை வத்தலை ஒளிச்சு வைச்சிருக்கினம்.” இன்னொரு வாய் குடித்தாள். “கசப்பு இருக்கெண்டு சொல்லுவியளே, எங்க?”

“அது அடங்கிட்டுது. புதுசில குடிச்சால் உமக்குத் துப்பத்தான் வரும்.”

“எரிவு?”

“அதுவும்.”

நானும் ஒரு வாய் குடித்தேன். இனிப்பு, தடிப்பு, தொண்டையில் இறங்கும் சூடு. அவ்வளவுதான் எனக்கு. அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். அப்போதும் அவ்வளவுதான். ஏதாவது கொஞ்சம் தெரிந்தது என்று எழுத ஆசை, ஆனால் தெரியவில்லை. வாளிப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கிளாசை முடித்தாள். கடும் பியர், பழக்கமில்லாத ஆள். கொஞ்ச நேரத்தில் கன்னம் சிவந்து, காரணமில்லாமல் சிரித்தாள்.

“இவ்வளவு வருஷமும் இந்தப் பிரேத அறைக்குள்ள தனிய இருந்து இதைத்தானோ செய்துகொண்டிருந்தியள்? சொல்லியிருக்கலாமே.”

“நீர் வந்திருக்கலாமே.”

ஹியூவிடம் பாதியை மட்டும் எடுக்கச் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 20, சனி

போன மாதத்தை விட இந்த மாதம் வலது காலும் கொஞ்சம் இழுக்கிறது. மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். டெனிஸ் ஒஃபிசில் தொலைபேசி எடுத்து வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் இடம் தந்திருக்கிறான். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கதிரை. பிடிக்கவில்லை, ஆனால் போகிறேன்.

குசினியில் இப்போது மின்சார அடுப்பு. பழைய காஸ் குழாயை அடைக்க எங்கள் கம்பனியிலிருந்தே ஒருவன் வந்தான். பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் செய்தான்.

அதைக் கேள்விப்பட்டு இன்று ஆரணி இனியாவோடு வந்தாள். பிள்ளையைத் தனியே விடவில்லை, தானும் இருந்தாள். இருக்கட்டும். இனியா இப்போது ஓடுகிறாள், என்னை விட வேகம். என்னிடம் வருவதற்கு முன்னால் தாயின் முகத்தைப் பார்த்தாள். ஆரணி தலையாட்டினாள். போகும்போது, “அடுத்த சனியும் வாறம் அப்பா” என்றாள்.

பின்னேரம் ஹியூ வந்தார். தன் காரில் இருந்து ஒரு சிறிய பெட்டியை இறக்கினார். இந்த வருடப் பார்லி வைன், ஆறு போத்தல், பதினொன்றரை வீதம்.

“உனக்கு இது வேண்டுமோ தெரியவில்லை,” என்றார். எனக்கும் தெரியவில்லை. சுகிர்தா வந்து வாங்கினாள்.

அவர் போனபிறகு இரண்டு பேரும் நிலவறைக்கு இறங்கினோம். நான் முதலில், கைபிடியைப் பிடித்துக்கொண்டு. பாதி வெறுமையான தட்டுகள்.

“இது எப்ப குடிக்கிற பதத்துக்கு வரும்?” என்றாள்.

“எட்டு வருஷம். பத்து எண்டால் இன்னும் நல்லம்.”

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தது தெரிந்தது. நானும் கூட்டினேன். பத்து வருடத்தில் எனக்கு அறுபத்தொன்பது. அந்தப் படியில் என்னால் இறங்க முடியுமா, அவளைத் தெரியுமா எனக்கு, ஒரு கிளாசைப் பிடிக்க ஏலுமா, வைத்தியரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. சுகிர்தா ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“இப்ப ஏன் திறக்கிறீர்? வீணாகப் போகும்.”

“இப்ப எப்பிடி எண்டு தெரியாட்டி, பத்து வருஷத்தில என்ன மாறியிருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஐயோ, வேப்பம்பட்டை. அதுக்கு மேல தோடம்பழத் தோல். நெருப்பு!” நான் அப்படியே எழுதிக்கொண்டேன். மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்ற விடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குடித்து முடித்தோம். அவள் மூக்கைப் பிடித்தாள், எனக்கு அது தேவைப்படவில்லை. அதற்கும் சிரித்தாள்.

மற்ற ஐந்தையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, கடைசித் தட்டில், சுவரோடு ஒட்டி, இடது கையால் நிமிர்த்தி வைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்தோம்.